பெட்டியை மாற்றுவது கடைசி வேலை

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் பஸ் போகாத பிரிவுகள் பல. நடுராத்திரியில் வலி எடுத்த பெண்ணைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளை டவுனில் இறக்குவதும், கொழும்புக்கு வேலைக்குப் போகிறவரை ரயிலுக்குச் சேர்ப்பதும் லயத்தடியில் நிற்கும் ஒரு பழைய ஜப்பான் காரையோ வேனையோ நம்பியே நடக்கின்றன. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. வரியெல்லாம் சேர்த்துச் சொல்லப்படும் விலை, வாடகைக்கு வண்டி ஓட்டும் தோட்டத்து ஹயர்காரருக்கு இன்றும் எட்டாது. அதனால் இருபது, இருபத்தைந்து வயதான கார்களே பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பாதைகளில் ஏற்றம் ஏறிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கார்களின் எஞ்சினை ஆள்வது டாஷ்போர்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி. கராஜ்களில் அதற்கு 'கம்ப்யூட்டர் பொட்டி' என்று பெயர். கிராங்க் எங்கே நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று சென்சர்கள் சொல்வதைக் கேட்டு, எந்த நொடியில் பொறி வைப்பது, இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெக்கன் திறந்து வைப்பது என்று அது தீர்மானிக்கிறது. 1967இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் பொஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெற்றோல் பீச்சத் தொடங்கியதிலிருந்து வளர்ந்துவந்த தொழில்நுட்பம் இது. காருக்கு வயதாகும்போது இந்தப் பெட்டிக்கும் வயதாகிறது. அப்போது அதைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பதுளை டவுனை ஒட்டிய ஒரு கராஜுக்குப் போனேன்.

தகரக் கூரை, சிமெந்துத் தரை, எண்ணெய் ஊறிய மேசை. அந்த மேசையின் ஒரு மூலை மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அங்கேதான் மீற்றர், பூதக்கண்ணாடி, சோல்டரிங் அயர்ன். எல்லோரும் 'பாஸ்' என்றழைக்கும் அந்த மனிதர் தோட்டத்தில் பிறந்தவர். ரேடியோ, ரீவி திருத்தி ஈயப்பற்று பழகிய கை, பின்னர் காருக்கு வந்திருக்கிறது. கூட இரண்டு பையன்கள்.

பசறைப் பக்கத்து ஹயர்காரர் ஒருவர் நிசான் சனி எஃப்பி15 காரோடு வந்திருந்தார். போன் சிக்னலில்லாத வளைவுகளில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. நின்றால், ஆளோடு சேர்ந்து வண்டி பின்னால் உருள்கிறது.

"பொட்டி மறுபடியும் போயிருச்சு பாஸ். பஞ்சிகாவத்தையில இருந்து எடுத்துப் போட்டது. ஒரு மாசங்கூட ஓடல."

"பொட்டி தானாப் போகலண்ணே. எதுவோ அதைக் கொன்னிருக்கு. அதைப் பாக்காம இன்னொண்ணு போட்டா அதுவும் சாகும்."

கொழும்பு பஞ்சிகாவத்தை, பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன இடம். அங்கே வாங்கிய பெட்டியின் விலை அவருக்குப் பல நாள் ஹயர். ஆனாலும் பாஸ் பெட்டியைக் கழற்ற அவசரப்படவில்லை. முதலில் பட்டரி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு மின்னேற்றம்: பதினான்கு வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும், பதினைந்தைத் தாண்டினால் ஓல்டர்னேட்டரே பெட்டியைச் சுடும். அடுத்தது ஏர்த். பெட்டியின் ஏர்த் வயருக்கும் பட்டரியின் நெகட்டிவுக்கும் இடையில் மீற்றரை வைத்தார். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு. மழையிலும் பனியிலும் நிற்கும் மலைநாட்டு வண்டிகளில் பெட்டி மேல் விழும் பழி பல தடவை இந்த ஏர்த் போல்ட்டோடு முடிந்துவிடும் என்றார்.

பின்னர் சென்சர்களுக்குப் பெட்டி அனுப்பும் 5 வோல்ட். அது வராவிட்டால் பலர் பெட்டி செத்தது என்று எழுதிவிடுவார்கள். பாஸ் பையன்களைச் சென்சர்களின் செருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்வார். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் பெட்டிக்கு ஒன்றுமில்லை. உள்ளே ஷோர்ட் ஆன சென்சர்தான் அந்த மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் காரில் அதெல்லாம் சரியாக இருந்தது. அடுத்து அவர் போன இடம் ஐட்லிங் வால்வு. கால் எடுத்த நிலையில் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று என்று அளந்து விடுவது அதன் வேலை. இந்த எஞ்சினில் ரேடியேட்டர் தண்ணீரும் அந்த வால்வின் உடம்பு வழியாக ஓடுகிறது. கேஸ்கட் தளர்ந்தால் தண்ணீர் கசிந்து, வால்வைத் திருப்பும் குட்டி மோட்டரின் சுருளுக்குள் இறங்கும். சுருள் ஷோர்ட் ஆகும். ஷோர்ட் ஆன சுருளுக்கு மின்சாரம் கொடுக்கப்போய், பெட்டிக்குள் அதை இயக்கும் சிப் கருகிவிடும். நல்ல சுருள் ஏறக்குறைய 20 ஓம் காட்ட வேண்டும். ஒரு சோடி முனையில் மீற்றர் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறங்கியது. வால்வைக் கழற்றிச் சாய்த்ததும் உள்ளிருந்து பச்சை நீர் சொட்டியது.

பெட்டி அதன் பிறகுதான் திறக்கப்பட்டது. பலகையில் மிளகளவு கருகல். முதல் பெட்டி எப்படிப் போனதோ இரண்டாவதும் அப்படியே போயிருந்தது. ஹயர்காரர் அந்தக் கருகலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பெட்டியும் ஒரே விதமாகச் சாவதில்லை. 1990களின் பெட்டிகள் சிலவற்றில் மின்தேக்கிகள் கசிந்து, அந்தத் திரவம் பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடுகிறது. திறந்ததும் மீன் நாற்றம் போலொன்று வருவதை வைத்தே பாஸ் கண்டுகொள்வார். பட்டரியைத் தலைகீழாக மாட்டுவது, பட்டரியைக் கழற்றாமல் காரின் பொடியில் வெல்டிங் வைப்பது, விண்ட்ஸ்கிரீன் ரப்பர் வழியே மழைநீர் இறங்குவது ஆகியவையும் பெட்டிக்கு எமன்கள்.

மாற்றுப் பெட்டி தேடுவதும் ஒரு கலை. மேலே ஒட்டிய லேபிளில் நிசானுக்கு 23710 என்றும், டொயோட்டாவுக்குப் பெரும்பாலும் 89661 என்றும் இலக்கம் தொடங்கும். அந்தந்த நிறுவனத்தின் கார்களுக்கு அது பொது. கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் எந்த எஞ்சின், மெனுவலா ஓட்டோவா என்பதைச் சொல்கின்றன. செருகி பொருந்துகிறது என்பதற்காகப் பொருத்தினால் கார் ஓடலாம். ஆனால் பெற்றோல் குடிக்கும், கியர் மாறத் தடுமாறும். சாவிக்குள் சிப் உள்ள கார் என்றால் வேறு காரின் பெட்டி அந்தச் சாவியை ஏற்காது. இந்தக் காருக்கு அவர் வேறு பெட்டி தேடவில்லை. கருகிய சிப்பை எடுத்து, உடைசலுக்கு வந்த ஒரு பெட்டியிலிருந்து நல்லதொன்றை ஈயம் வைத்தார். வால்வும் கேஸ்கட்டும் மாற்றிய பிறகே பெட்டி காருக்குள் போனது. எஞ்சினைச் சூடாக்கி, விளக்கு, ஏசி எல்லாவற்றையும் அணைத்து, ஸ்கேனர் மூலம் ஐட்லிங்கின் காற்றளவைப் பெட்டிக்குப் புதிதாகக் கற்பித்தார். அதைச் செய்யாமல் விட்டால் திருத்திய பெட்டியும் பழைய நோயையே காட்டும்.

ஸ்கேனர் பேசாத கார்களும் வருகின்றன. பழைய டொயோட்டாக்களில் டிஇ1, இ1 என்ற இரு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தால் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். இரண்டு சிமிட்டல், இடைவெளி, மறுபடி இரண்டு: அது 22, தண்ணீர்ச் சூட்டுச் சென்சரின் பிழை. மூத்த பையன் விளக்கைப் பார்த்து எண்ணி ஒரு கொப்பியில் எழுதுகிறான். அந்தக் கொப்பியில் தமிழும் சிங்களமும் ஆங்கில எழுத்துகளும் கலந்து கிடக்கின்றன. அவனுக்கு வேறு பாடநூல் இல்லை. வயரிங் வரைபடம் ஜப்பானிய மொழியில் அல்லது ஆங்கிலத்தில். பாஸ் பழகியது சிங்களத்தில். அவன் பள்ளியில் படித்தது தமிழில்.

கணக்குப் பேசும் நேரம் வந்தபோது என் மனம் கனத்தது. வால்வுக்கும் கேஸ்கட்டுக்கும் ஹயர்காரர் மறுபேச்சில்லாமல் காசு எண்ணினார். கூலி என்றதும் தயங்கினார். பொட்டி புதிதாக வாங்கவில்லையே என்பது அவர் நியாயம்.

"டொக்டர்கிட்ட மருந்துக்கு மட்டுமா காசு குடுக்கிறோம் அண்ணே?" என்றார் பாஸ். குரலில் கோபம் இல்லை.

ஹயர்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையில் இருப்பதை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மனிதர் அவர். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு மட்டும் விலை கொடுக்கிற இந்தப் பழக்கமே அவரை இரண்டு பெட்டி இழக்க வைத்தது. பொருள் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில், மெக்கானிக்குக்கும் பெட்டியை மாற்றிப் பார்ப்பதே இலகு. சோதித்துப் பார்க்கும் மணித்தியாலங்களுக்குத் தனிக் கூலி இருந்தால் இருவருமே தப்பியிருப்பார்கள். பெட்டி போய்விட்டது என்று எந்தக் கராஜில் சொன்னாலும், ஏர்த் பார்த்தீர்களா, 5 வோல்ட் பார்த்தீர்களா, பெட்டியைக் கொன்றது எது என்று வாடிக்கையாளர் கேட்க வேண்டும். அந்தப் பதிலுக்குரிய காசையும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று அரசும் தொழிற்பயிற்சி நிறுவனங்களும் செய்ய வேண்டியது. கைப்பழக்கத்தால் தொழில் கற்றவரைச் சோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நாட்டில் இருக்கிறது. பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. தோட்டத்துப் பையனுக்கு அந்தச் சோதனையும் பாடமும் தமிழில், அவன் பஸ் ஏறிப் போய்வரக் கூடிய தூரத்தில் கிடைக்க வேண்டும். அந்தக் கொப்பியில் இருப்பது அச்சிட்டுப் படிப்பிக்கத் தகுந்த அறிவு. அதை ஒருவனுடைய தனிப்பட்ட சேமிப்பாகவே விட்டுவைத்தால், நட்டம் இந்த மலைக்குத்தான்.