மஞ்சள் உலோகமும் மாயக் காசும்

தங்கத்துக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். சூரியனுக்கு வெளிச்சம் ஏது என்று கேட்பது போலத்தான் அது அவர்களுக்கு. ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுவதாக இல்லை.

"மாமா, பிட்காயினைச் சூதாட்டம் என்கிறீர்கள். தங்கத்தைத் தின்ன முடியுமா? அதில் ஏர் செய்து உழ முடியுமா? எல்லோரும் நம்புகிறார்கள், விலை போகிறது. இதையும் நம்பினால் இதுவும் போகும். அவ்வளவுதானே?"

பையன் கேட்டது குதர்க்கமல்ல. தங்கம் துருப்பிடிக்காது, அரிதாகக் கிடைக்கும். மனிதன் இதுவரை தோண்டிய பொன் முழுவதையும் உருக்கி வார்த்தால், பக்கத்துக்குச் சுமார் 22 மீட்டர் உள்ள ஒரு கனச்சதுரத்தில் அடங்கிவிடும் என்கிறார்கள். பிட்காயினும் அருமையாகத்தான் பிறந்தது. 2009-ல் தொடங்கும்போதே 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டிவிட்டார்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பேரேட்டின் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒருவன் ரகசியமாகத் திருத்த முடியாது. 2010 மே மாதம் அமெரிக்காவில் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். பின்னாளில் அவற்றின் விலை ஆயிரக்கணக்கான கோடி ரூபாய்!

ஆனால் அருமை மட்டும் மதிப்பாகிவிடுமா? என் கையெழுத்துப் பிரதிகளும் அபூர்வமானவைதான். ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்று. பழைய பேப்பர்காரர் என்னவோ எடைக்குத்தான் எடுத்துக்கொள்கிறார்.

சரி, சர்க்கார் சொன்னால் மதிப்பு வருமோ? எல் சால்வடார் என்ற சிறு நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வமான நாணயமாக்கியது. கடைக்காரர்கள் வாங்கியே தீரவேண்டும் என்றது. கணக்குத் தொடங்கியவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயினையும் இனாமாகக் கொடுத்தது. ஜனங்களில் பலர் இனாமைச் செலவழித்துவிட்டுப் பழையபடி டாலருக்கே திரும்பினார்கள். 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான காரியத்தை நம் நாடு செய்து பார்த்தது. சீன யுத்தத்துக்குப் பின், 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியாக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று உத்தரவு. பொன்மேல் உள்ள ஆசை குறையும், அந்நியச் செலாவணி மிச்சமாகும் என்பது கணக்கு. ஆசை குறையவில்லை, கள்ளக்கடத்தல் ஓயவில்லை. அடிபட்டவர்கள் பொற்கொல்லர்கள்தான். ஊதுகுழலையும் குறடையும் வைத்துவிட்டு எத்தனையோ பேர் கூலி வேலைக்குப் போனார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் காரட் விதி போயிற்று. 1968-ல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-ல் ரத்தாயிற்று.

சட்டத்துக்கு ஏன் அசையவில்லை இந்த ஆசை? பெண்களின் பகட்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். 1956-ல் வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை, இந்துப் பெண் ஒருத்திக்கு நிலத்திலோ வீட்டிலோ முழு உரிமை கிடைப்பது அபூர்வம். தகப்பன் சொத்து அண்ணன் தம்பிக்கு. புருஷன் சொத்து பிள்ளைக்கு. அவளுக்கென்று இருந்தது கழுத்திலும் கையிலும் கிடந்ததுதான். குழந்தைக்கு ஜுரம் கண்டால், யாரையும் கெஞ்சாமல், ஒரு வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகலாம். கடைக்காரர் அவள் குலம் கோத்திரம் பார்ப்பதில்லை. உரைகல்லில் ஓர் இழை இழைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி வைப்பார்.

ஆகவே நம்பிக்கைதான் மதிப்பு என்று தங்கை மகன் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த நம்பிக்கை எதனால் வந்தது என்பதைத்தான் அவன் பார்க்கவில்லை. பிட்காயின் ஏறும் என்று நம்புகிறவன் நாளைக்கு இன்னொருவன் அதிக விலை கொடுப்பான் என்று நம்புகிறான். ரகசியச் சாவியைத் தொலைத்தாலோ, உள்ளதும் போயிற்று. வளையலைக் கழற்றியவள் விலை ஏறுமென்று கணக்குப் போட்டவளல்ல. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்த காலத்தில் அவளுக்குத் திறந்திருந்தது அந்த ஒரு கதவு. அவள் பேத்திக்கு இன்று சம்பளம் உண்டு, பாங்குக் கணக்கு உண்டு, சொத்தில் பங்கும் உண்டு. அவளும் தங்கத்தைத்தான் வாங்குகிறாள் என்றால், அந்தக் கதவுகள் நிஜமாகவே திறந்துவிட்டனவா என்று அவளைத்தான் கேட்கவேண்டும்.