கூரத்தில் சொட்டிய ஆயில்

காஞ்சிபுரம் போகிறவர்கள் வரதரையும் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் தரிசித்துவிட்டுப் பட்டுச்சேலைக் கடைக்குள் நுழைந்தால், வெளியே வரும்போது ஊர் திரும்பும் நேரமாகிவிடும். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் கூரம் பலருடைய பயணத் திட்டத்தில் இருப்பதில்லை. ராமானுஜரின் முதன்மைச் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி உண்டு. தை மாத ஹஸ்த நட்சத்திரத்தில் அவருடைய திருநட்சத்திரம்.

கூரத்தாழ்வான் பெரும் செல்வந்தர். நாள் முழுக்க அன்னதானம் நடந்து முடிந்து இரவில் மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சி வரை கேட்குமாம். "அது என்ன சத்தம்?" என்று பெருந்தேவித் தாயாரே கேட்டதாகச் சொல்வார்கள். தன் வீட்டுக் கதவுதான் அது என்று அறிந்ததும், செல்வம் இப்படி ஓசையிடுகிறதே என்று வருந்தி, எல்லாவற்றையும் துறந்து மனைவியுடன் ஸ்ரீரங்கம் புறப்பட்டார்.

இந்தக் கதையை அம்மாவுக்குச் சொல்லியபடி தரிசனம் முடித்து வெளியே வந்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி, வண்டிக்கு அடியில எண்ணெய் சொட்டுது பாருங்க" என்றார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை.

மச்சானுக்கு போன் போட்டேன். "அந்த இடத்துலயா? அப்ப கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும் மாமா. கியர்பாக்ஸை இறக்கணும். ரெண்டு நாள் வேலை, செலவும் பெருசு" என்றான். சென்னைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது. காரில் 74 வயது அம்மா. ஆயில் முழுக்க வடிந்தபின் ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும். பெரியவர்தான் காஞ்சிபுரத்திலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவரை பைக்கில் வரவழைத்தார்.

வந்த இளைஞர் உடனே காருக்கு அடியில் படுக்கவில்லை. கறையைத் தொட்டு விரல்களுக்கிடையே தேய்த்தார். ஏசி தண்ணீர் நிறமில்லாமல் இருக்கும், கூலன்ட் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். இது கறுப்பு, வழுவழுப்பு. இன்ஜின் ஆயிலேதான். அடுத்து சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். இரண்டு கோடுகளுக்கு நடுவே, கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. "பயப்படாதீங்க சார், ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்" என்றார்.

மச்சான் சொன்னதைச் சொன்னேன். "சொட்டுற இடம் வேற சார், கசியுற இடம் வேற. ஆயில் மேலேருந்து கீழ இறங்கும். வண்டி ஓடுறப்போ காத்து பின்னால தள்ளும். ஈரம் எந்த உயரத்துல ஆரம்பிக்குதுன்னுதான் பாக்கணும்."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய அழுக்கையெல்லாம் துடைத்துக் காயவிட்டார். பிறகு அம்மாவின் கைப்பையிலிருந்த முகப் பவுடரைக் கேட்டு வாங்கி, சந்தேகப்பட்ட இடங்களில் லேசாகத் தூவினார். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து இன்ஜினை 10 நிமிடம் ஓடவிட்டார். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை.

கீழே ட்ரெயின் நட் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஆயில் ஃபில்டர் பக்கமும் அப்படியே. இன்ஜினின் உச்சியில், டேப்பட் கவரின் பின்மூலையில் மட்டும் வெள்ளைக்கு நடுவே நூல் போல ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அங்கிருந்து இன்ஜினின் முதுகு வழியாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சேர்ந்து சொட்டியிருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த ரப்பர் பேக்கிங் இறுகிப் போயிருந்தது. கியர்பாக்ஸை இறக்கியிருந்தால் நல்ல சீலை மாற்றிவிட்டு, அதே கசிவோடு வீடு திரும்பியிருப்போம்.

அதோடு அவர் நிற்கவில்லை. பிரீத்தர் குழாயையும் கழற்றினார். உள்ளே அழுக்கு அடைத்திருந்தது. அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, ஆயிலை வலுவில்லாத இடம் பார்த்து வெளியே தள்ளும். புதுப் பேக்கிங் போட்டாலும் தாங்காதாம்.

அவர் பேக்கிங் வாங்கக் காஞ்சிபுரம் போன நேரத்தில் பல்லவர் காலத்துச் சிவன் கோயிலைப் பார்த்து வந்தோம். யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை அமைப்பு. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் எடுப்பித்தது. கூரம் செப்பேடு என்று சரித்திரப் பாடத்தில் படிக்கிறோமே, அது இந்தக் கோயிலுக்கு அவன் தந்த கொடையைத்தான் சொல்கிறது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி இங்குள்ள ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த செய்தியும் அதில் இருக்கிறது. தானமாகத் தந்த ஊரை 25 பங்காகப் பிரித்து, மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறான். பூஜையோடு கோயிலைப் பழுதுபார்க்கவும் சேர்த்து 3 பங்கு. கட்டிய நாளிலேயே பராமரிப்புக்கும் வழி செய்துவிட்டான் மன்னன்.

திரும்பி வந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. புதுப் பேக்கிங் போட்டு, போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி அளவாக முடுக்கினார். அதிகம் முடுக்கினால் கவர் விரிசல் விடும். குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பினார். மச்சான் சொன்ன தொகையில் சிறு பங்குதான் செலவு. "கொஞ்ச தூரம் போய் நிறுத்தி ஒரு தடவை பாத்துக்குங்க சார்" என்றார். வாலாஜாபாத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அடியில் செய்தித்தாளைப் போட்டு வைத்தோம். ஒரு சொட்டும் இல்லை.

குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்கள் முதல் நாள் இரவே வண்டிக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். வழியில் ஆயில் விளக்கு எரிந்தாலோ, பானெட்டிலிருந்து கருகிய வாசனையோ புகையோ வந்தாலோ ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூடான சைலன்சர் குழாயில் ஆயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். கூரம் போவதாக இருந்தால், சின்ன ஊர் என்பதால் நடை திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சிவன் கோயிலுக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.