யார் தூங்குகிறார்கள்?

பெரியபாளையத்தில் என் மாணவி ஒருத்தியின் வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிஃப்ட், பகலெல்லாம் உறக்கம். அப்பா எட்டரைக்கே படுத்துவிடுவார். ஹெட்போன் மாட்டினால், கூப்பிட்டது கேட்கவில்லை என்று அம்மா திட்டுவார். இத்தனைக்கும் நடுவே லேப்டாப்பில், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, நான்கு நிமிட இசைத்தடம் ஒன்றைச் செய்திருந்தாள். கீபோர்டில் ஒரு மெட்டு, ஆடி மாதம் பவானி அம்மன் கோயில் வாசலில் செல்பேசியில் பிடித்த பம்பை, உடுக்கை. பாட்டு கிடையாது.

கல்லூரி ஸ்பீக்கரில் போட்டபோது பம்பை ஜன்னலை அதிரவைத்தது. மெட்டைத் தேட வேண்டியிருந்தது. "வீட்ல பம்பையே கேக்கல மிஸ், அதான் ஏத்திட்டேன்" என்றாள்.

அவள் காதில் கோளாறில்லை. சத்தம் குறையக் குறைய, அடித்தொனிதான் மனிதக் காதுக்கு முதலில் மங்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். அதனால்தான் ஓரளவு சத்தமாக வைத்து மிக்ஸ் செய்யச் சொல்கிறார்கள். யார் வீட்டில்?

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டூடர் மூக் சின்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் அமைத்தார். அங்கே இசை செய்தவர்களில் கீதா சாராபாயும் ஒருவர். பக்கவாஜ் வாசித்த பெண். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்தவர். பெரிய ஆலை முதலாளிகளின் குடும்பம், கதவைச் சாத்திக்கொள்ளக் கூடம். அப்படியும் அந்த நாடாக்கள் 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன.

மெட்டை இன்னும் ஏற்றலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். குரல் எடுபடவில்லையா, சத்தமாகப் பேசு என்றுதான் நமக்கு எப்போதும் சொல்கிறார்கள். மிக்ஸிங்கில் மற்றதை இறக்கலாம். பம்பையை ஆறு டெசிபல் இறக்கினோம். கீபோர்டில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அந்த இடத்தைப் பம்பைக்கு விட்டோம். உடுக்கை இடப்பக்கம் நகர்ந்தது.

அமைப்புக்குத்தான் இரண்டு மாலைகள் போயின. முதல் நொடியிலிருந்து எல்லாம் சேர்ந்தே ஒலித்தால் காது எதற்குக் காத்திருக்கும்? முதல் நிமிடத்தில் பம்பையை எடுத்துவிட்டு, மெட்டுக்கடியில் வேப்பிலை உரசும் சத்தத்தை மட்டும் வைத்தோம். வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றிய பெண்களிடமிருந்து தற்செயலாகப் பதிவானது அது. இரைச்சல் என்று அழிக்கவிருந்தாள். எனக்கு அந்தத் தடத்திலேயே ஆகப் பிடித்தது அதுதான். இப்போது பம்பை நுழையும்போது நிஜமாகவே யாரோ வருகிறார்கள்.

கடைசி முப்பது நொடி இன்னும் முடிவாகவில்லை. பம்பையோடு முடிக்கலாம் என்கிறேன் நான். இலைச் சத்தம் மட்டும் மெல்லத் தேயட்டும் என்கிறாள்.