பழைய பெயருக்கும் ஒரு வழி

மட்டக்களப்பு வாவியின் மேலே, கல்லடியில் இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டபோது, லேடி மனிங்கின் பெயர் தாங்கிய பழைய பாலம் இடிக்கப்படவில்லை. நான் ஒரு பிழை செய்த பின்னரே அதன் பொருளை உணர்ந்தேன்.

எமது பகுதி நாட்டார் பாடல்களைத் திரட்டிக் கணினியிற் சேர்த்து, அவற்றைத் தேடித்தரும் சிறு நிரலொன்றையும் எழுதியிருந்தேன். கட்டளை வரியில் ‘ஊர்’ என்னும் தெரிவையும், அதன்பின் ஊர்ப்பெயரையும் இட்டால், அவ்வூர்ப் பாடல்கள் மட்டும் பட்டியலாக வரும். பின்னர் வயல்களிலும் மீன்வாடிகளிலும் கேட்ட பாடல்களும் சேர்ந்தமையால், தெரிவின் பெயரை ‘இடம்’ என மாற்றிப் பழையதை நீக்கிவிட்டேன். அறியாத தெரிவு வந்தால் அதனைப் பொருட்படுத்தாது மேற்செல்லுமாறு நிரல் அமைந்திருந்தது. தீங்கு அங்கேதான் இருந்தது.

எமக்கு உதவிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது கொப்பியிற் குறித்து வைத்த பழைய கட்டளையையே இட்டு வந்தார். கொக்கட்டிச்சோலைக்கென அவர் எடுத்த பட்டியலில் எழுவான்கரைப் பாடல்களும் படுவான்கரைப் பாடல்களும் கலந்து வந்தன. இரு வாரங்கள் அவற்றைக் கையாற் பிரதிசெய்த பின்னரே பிழை தெரிந்தது.

“தம்பி, நான் எழுதியது மாறவில்லை, நீர் கேட்கும் பெயர்தான் மாறிவிட்டது” என்றார்.

நிரலைத் திருத்தினேன். இப்போது ‘ஊர்’ என்பது ‘இடம்’ என்பதன் மாற்றுப்பெயராக ஏற்கப்படும். வழக்கொழிந்தது என்ற எச்சரிக்கையுடன் புதிய பெயரும் காட்டப்படும். அவ்வெச்சரிக்கை பட்டியலுட் கலவாது, வழுச்செய்திகளுக்குரிய தனிவழியிற் செல்லும். இரு பெயர்களும் வெவ்வேறு விடைகளுடன் வந்தாலோ, அறியாத பெயர் வந்தாலோ, நிரல் காரணங்கூறி நின்றுவிடும்.

பெரியோர் செய்ததும் இதுவே. ‘கிரெப்’ என்னும் தேடற் கட்டளையின் குனூ வடிவம், 2022இல் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில், ‘ஈகிரெப்’ என்ற பழைய பெயர் வழக்கொழிந்ததென எச்சரிக்கத் தொடங்கியது. ஆயினும் கேட்ட தேடலைச் செய்தே கொடுத்தது.

அண்மையில் ஆசிரியரின் கொப்பியைக் கண்டேன். ‘ஊர்’ என்பதன் மேலே ‘இடம்’ என்று எழுதியிருந்தார். பழைய சொல்லை அவர் அழிக்கவில்லை.