தோட்டா விலையும் பயத்தின் விலையும்

துப்பாக்கி பற்றிப் பதிவா என்று ஓடிவிடாதீர்கள் மக்களே! துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. மாணவர் விசாவில் அமெரிக்கா வந்த என்னைப் போன்றவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்க இங்கே பொதுவாகச் சட்டம் அனுமதிப்பதில்லை (வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு). ஆனாலும் தோட்டா விலை எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2020 தொடக்கத்தில் இங்கே சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்று சுமார் 20 சென்ட். ஒரே வருடத்தில் அது 70, 80 சென்ட்டுக்குப் போனது. அதுவும் கடையில் கிடைத்தால்!

என்ன காரணம்? யாரும் திடீரென்று நாலு மடங்கு அதிகமாகச் சுடவில்லை. பயம்தான் காரணம். கொரோனா, தெருக் கலவரங்கள், தேர்தல் எல்லாம் சேர்ந்து வந்த வருடம் அது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ. அமைப்புக்கு 2019ல் வந்த விசாரணைகள் சுமார் 2 கோடியே 83 லட்சம். 2020ல் 3 கோடியே 97 லட்சம். அந்த வருடம் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர் என்பது இத்தொழில் சங்கத்தின் மதிப்பீடு. ஆளுக்கு ஐம்பது தோட்டாப் பெட்டி இரண்டே இரண்டு வாங்கினாலும் 84 கோடி தோட்டா! தொழிற்சாலை எங்கே போகும்? பெரிய நிறுவனங்களில் ஒன்றான ரெமிங்டன் அந்த ஜூலையில்தான் திவாலாகியிருந்தது.

இது புதிதும் அல்ல. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, கடுமையான சட்டம் வரும் என்று பயந்து ஆளாளுக்கு வாங்கிக் குவித்தார்கள். சிறுவர்கள் பழகும் .22 தோட்டாகூட 2013ல் கடைகளில் மாயமானது. பஞ்சம் வரும் என்று ஊரே அரிசி மூட்டையைப் பதுக்கினால் பஞ்சம் வராமல் என்ன செய்யும்?

சரி, இதில் அடிபட்டவர் யார்? என் ஆய்வகத் தோழனின் அப்பா மிசௌரியில் ஒரு சிற்றூர்க்காரர். சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்குபவர். முன்பு ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பில் 50 தோட்டா. 2021ல் 15 ஆகக் குறைத்தாராம். "எப்படிச் சுடுவது என்பதைவிட, எப்போது சுடக்கூடாது என்று சொல்லித் தரத்தான் நேரமும் தோட்டாவும் வேண்டும்" என்றார் என்னிடம்.

எனக்கு என்.சி.சி. முகாம் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் .22 ரைஃபிளில் எனக்குக் கிடைத்தது ஐந்தே தோட்டா. சுட்டு முடித்ததும் காலிக் கூடுகளை ஹவில்தார் ஐயா எண்ணி வாங்கினார். ஒன்று குறைந்தாலும் மொத்தக் குழுவும் புல்லில் தவழ்ந்து தேட வேண்டும். அங்கே தோட்டா அரிது, துப்பாக்கியும் அரிது. இங்கே 2020ல் நடந்தது வேறு. துப்பாக்கி பெருகியது, பழகத் தோட்டா இல்லை! அலமாரியில் புதுத் துப்பாக்கியும் ஒரு பெட்டித் தோட்டாவும் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூடச் சுட்டுப் பழகாதவர்கள் எத்தனை பேரோ? நள்ளிரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் அந்தக் கை என்ன செய்யும்? அந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பவன் நான் என்பதால் கேட்கிறேன்.

பிறகு 9 மி.மீ. விலை வெகுவாக இறங்கியது உண்மைதான். ஆனால் 2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நின்றது. மலிவுச் சரக்கின் பெரிய வழி ஒன்று அடைபட்டது. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் பீரங்கிக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் பொதுவான வெடிமருந்து மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோசுக்குப் போட்டி வந்தது.

போரை அந்தப் பெரியவரால் நிறுத்த முடியாது. ஆனால் பதுக்கல்? அதை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களே நிறுத்தலாம். பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கிய பெட்டிகள் நிலவறையில் தூங்குகின்றன. பாதுகாப்பாகப் பழக வேண்டிய பிள்ளைக்கு மிஞ்சியது பதினைந்து. நீங்களே சொல்லுங்கள், இதில் யாருக்குப் பாதுகாப்பு?