அழாதே என்று சொல்லாத புத்தகங்கள்

எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே, ஊரூர் குப்பத்தைத் தாண்டி நடந்தால், அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் உடைந்த பாலம் நிற்கிறது. 1967இல் கட்டியது. 1977இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அப்புறம் யாரும் அதை எடுத்துக் கட்டவில்லை. மாலையில் அங்கே தூண்டில் போடுகிறவர்கள் இருப்பார்கள், செல்ஃபி எடுக்கிறவர்கள் இருப்பார்கள். பத்மா வெங்கட்ராமனின் ‘தி பிரிட்ஜ் ஹோம்’ நாவலைப் படித்த பிறகு அந்தப் பக்கம் போனால், நாலு பிள்ளைகளும் ஒரு நாய்க்குட்டியும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பத்மா சென்னையில் பிறந்தவர், அமெரிக்காவில் வாழ்பவர், கடலியல் ஆய்வாளராக இருந்தவர். 2019இல் வெளியான இந்த நாவலில், அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பித்துச் சென்னைக்கு வருகிறார்கள் விஜியும் ருக்குவும். ருக்கு வயதில் மூத்தவள். ஆனால் மனவளர்ச்சி குறைந்தவள் என்பதால் விஜிதான் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். கைவிடப்பட்ட ஒரு பாலத்தில் அவர்களுக்கு முத்துவும் அருளும் துணை சேர்கிறார்கள். அருளின் குடும்பத்தைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். பிறகு காய்ச்சல் வருகிறது, ருக்கு இறந்துபோகிறாள். நாவல் முழுவதும், இனி இல்லாத அக்காவிடம் விஜி பேசுகிற பேச்சுதான். முதல் பக்கத்திலிருந்தே “நீ, நீ” என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பதின்வயதுப் பிள்ளைகளின் கையில் இந்த மாதிரிப் புத்தகத்தைக் கொடுக்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில், ஒரு பெண் எடுத்த புத்தகத்தின் பின்னட்டையைப் படித்துவிட்டு, “செத்துப்போற கதையெல்லாம் இப்ப எதுக்கு? வேற எடு” என்று அவள் அம்மா திரும்ப வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் சாவு விழுந்தால் முதலில் நடப்பதே பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதுதான். பெரியவர்களுக்குச் சடங்கு இருக்கிறது. பத்து, பதின்மூன்று என்று நாள் கணக்கு இருக்கிறது. கட்டிக்கொண்டு அழ ஆட்கள் வருகிறார்கள். பதினாலு வயசுக்கு என்ன இருக்கிறது? வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கிற வேலை இருக்கிறது. “நீதாம்மா இனிமே அம்மாவைப் பாத்துக்கணும், நீ அழக் கூடாது” என்கிற உத்தரவு இருக்கிறது.

மந்தைவெளியில் எங்கள் எதிர் ஃபிளாட்டுப் பெண்ணுக்கு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நான் உட்பட. அவள் அப்பா ஒரே ராத்திரியில் மாரடைப்பில் போனார். அவள் அழவில்லை. பரீட்சை எழுதினாள், தம்பியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றினாள், “எவ்வளவு பொறுப்பு பாரு” என்று பெயர் வாங்கினாள். சில மாதம் கழித்து ‘தி பிரிட்ஜ் ஹோம்’ புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். கதை இன்னதென்று முதலிலேயே சொல்லித்தான் கொடுத்தேன். திருப்பித் தர வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

“விஜிக்குத் தன்னாலதான் ருக்கு செத்துட்டான்னு தோணிக்கிட்டே இருக்குல்ல ஆண்டி? முன்னாடியே அந்த இல்லம் நடத்துற செலினா ஆண்டிகிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம்னு.”

“ஆமாம்.”

“அன்னிக்கு அப்பா நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னார். நான் மோர் கரைச்சுக் குடுத்துட்டுப் படிக்கப் போயிட்டேன்.”

அதை அவள் அதுவரை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் அழுதாள்.

தன் மேல்தான் குற்றம் என்று நினைக்கிறாளா என்று நாங்கள் யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். விஜி முந்திக்கொண்டு தன் குற்ற உணர்வைச் சொல்லிவிட்டதால் இவளுக்கு வாய் திறந்தது. நல்ல துக்க நாவல் ஆறுதல் சொல்ல வருவதில்லை. படிக்கிற பிள்ளை தனக்குள் பூட்டி வைத்திருக்கும் அசிங்கமான, நியாயமில்லாத எண்ணம் இன்னொருத்தருக்கும் வந்திருக்கிறது என்று காட்டுகிறது. கேத்தரின் பேட்டர்சன் ‘பிரிட்ஜ் டு டெராபிதியா’ என்ற சிறுவர் நாவலை 1977இல் வெளியிட்டபோது, அதற்குப் பின்னால் அவருடைய மகனின் தோழி மின்னல் தாக்கி இறந்த துக்கம் இருந்தது. மகனுக்குப் புரிய வைக்கத் தனக்கும் புரிய வேண்டியிருந்த ஒரு தாய் எழுதியது அது.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ இருக்கிறது. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கிய மாணவியின் சாவை, அறிவியல் புத்தகம் ஒன்றின் முன்னுரையாக ஓர் ஆசிரியை சொல்லும் கதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த சிறு நூல். டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ தமிழில் வந்ததிலிருந்து, போலியோ பாதித்த யாசுவாகி-சான் இறக்கும் இடத்தில் நம் பிள்ளைகளும் நின்று அழுதிருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்குவார்கள்.

ஆனால் பதினைந்து வயசுக்காரர்களுக்கென்று, அவர்கள் பேசுகிற தமிழில், அவர்கள் வீட்டுச் சாவை எழுதிய நாவல்கள் போதாது. இந்த ஊரில் கதைக்கா பஞ்சம்? அடையாறு புற்றுநோய் நிலையமே ஒரு துக்கத்திலிருந்து எழுந்ததுதான்: தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கியது. இன்றைக்கு அம்மாவின் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து அங்கே வந்து, தாழ்வாரத்தில் பாடப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஒரு நாவல் வேண்டும். 2004 சுனாமியில் அண்ணனைக் கொடுத்த சீனிவாசபுரத்துத் தங்கைக்கு அன்றைக்கே ஒன்று வேண்டியிருந்தது. மயிலாப்பூர் வீடொன்றில் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு உறவெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து எல்லோர் மேலும் ஆத்திரப்படும் பெண்ணுக்கு ஒன்று வேண்டும். அந்த ஆத்திரத்தை எழுதுகிறவர் அதைத் தணிக்கப் பார்க்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் தாத்தாவோ டீச்சரோ வந்து உபதேசம் செய்யவும் கூடாது.

எதிர் ஃபிளாட்டுப் பெண் இப்போது பத்மாவின் ‘எ டைம் டு டான்ஸ்’ படிக்கிறாள்; காலை இழந்த பரதநாட்டியக்காரியின் கதை. அடுத்ததைத் தமிழில் தாங்க ஆண்டி, அம்மாவும் படிப்பாங்க என்று கேட்டிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.