மாமல்லபுரம் போகிறீர்களா? இவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்

விடுமுறை வந்துவிட்டால் 'மாமல்லபுரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று ஒரு பட்டியல் எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிடும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, சாளுவன்குப்பம் புலிக்குகை. எல்லாமே பார்க்க வேண்டியவைதான், அதில் மறுப்பில்லை. 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஊர். 2019-இல் சீன அதிபரும் இந்தியப் பிரதமரும் சந்தித்துக்கொண்ட ஊர். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள காலனிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் மாலை வகுப்பு நடத்தும் நாங்களும் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை வேனில் அங்கே அழைத்துப் போகிறோம். ஆனால் எங்கள் பட்டியல் கொஞ்சம் நீளமானது.

முதலில் ஐந்து ரதம். அங்கே மிகச் சிறியது திரௌபதி ரதம். கூரை வேய்ந்த குடிசையின் வடிவத்தைப் பல்லவர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சென்ற முறை அதன் முன்னால் நின்ற ஏழாம் வகுப்பு இருளர் சிறுமி கேட்டாள்: "அக்கா, இந்தக் குடிசைக்குப் பட்டா இருக்கா?" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏரிப் புறம்போக்கில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பட்டா கேட்டு எழுதிய மனுக்களின் நகல்கள் எங்கள் கோப்பில்தான் இருக்கின்றன. கல் குடிசைக்கு வேலியும் காவலும் உண்டு. மனிதர் வாழும் குடிசைக்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர்.

அர்ச்சுனன் தபசில் பிள்ளைகளுக்குப் பிடித்தது, பின்னங்கால்களில் நின்று தவம் செய்யும் பூனையும் அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளும். தேர்தல் நேரத்தில் சேரிக்குள் கும்பிட்டபடி வருகிறவர்களை அந்தப் பிள்ளைகள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பக்கத்திலேயே ஸ்தலசயனப் பெருமாள் கோயில். 2021 அக்டோபரில் அங்கே அன்னதானப் பந்தியில் உட்கார விடவில்லை என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய காணொளி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதன் பிறகு அமைச்சர் அதே கோயிலில் அவருடன் அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். ஒரு பெண் வாய் திறந்ததால் நடந்தது இது. அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் அதே பூஞ்சேரியில்தான்.

மாசி மகத்தன்று போனால் கடற்கரையைப் பாருங்கள். பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் வந்து சேலைகளைக் கட்டிக் குடில் அமைத்து மணலிலேயே தங்குவார்கள். விடியலில் கன்னியம்மனுக்குப் பூசை. காதுகுத்து, நிச்சயம், கல்யாணம் எல்லாம் அங்கேயே நடக்கும். பூசாரிக்கும் வெளியாள் தேவையில்லை, கோபுரமும் தேவையில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் காட்சிப்பொருள் அல்லர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்குப் போகிறவர்கள் அங்கேயே இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும் பாருங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோக, பிழைப்பு இழந்தவர்களுக்காக 1978-இல் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். இந்த மாவட்டத்து வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். "எங்க தாத்தாவும் பாம்பு புடிப்பாரு" என்று பள்ளியில் சொல்லக் கூசிய பையன், இங்கே உரக்கச் சொன்னான்.

அடுத்து காரணை. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இருக்காது. பறையர்களின் நிலையைப் பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையால்தான் 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலம் கை மாறிப் போனதை மீட்கப் போராடியதில், 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். நிலத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

கடைசியாக மதுராந்தகம் பக்கம் கோழியாளம். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர். பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்க, பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்த யாருக்கும் தடை கூடாது என்று 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர். ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு முதலில் தெருவில் நடக்க உரிமை வேண்டுமே! அந்தத் தீர்மானத்துக்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது. நாங்கள் போகும் சில கிராமங்களில் இன்றும் எங்கள் பிள்ளைகள் ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள்.

அதனால்தான் எங்கள் பயணத்தைக் கோழியாளத்தில் முடிக்கிறோம். நீங்களும் உங்கள் பிள்ளைகளோடு போய் வாருங்கள். ஐந்து ரதத்தில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. காரணைக்கும் கோழியாளத்துக்கும் யாருக்குமே இல்லை.

ஜெய்பீம்.